வீடு கைக்கு வராமல் போனால் கட்டிய பணம் என்னாகும்?

கார் காப்புறுதியைப் பற்றி நம் இளைஞர்களிடம் கேட்டுப் பாருங்கள். என்.சி.டி. 55 விழுக்காடு வரைக்கும் ஏறும், ஒரு தடவை கிளைம் பண்ணினால் போச்சு, கண்ணாடிக்குத் தனியாகப் போட வேண்டும் என்று ஒரு வகுப்பே நடத்திவிடுவார்கள். வீட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அதான் லோன் எடுக்கும்போது பேங்க்ல ஒரு இன்சூரன்ஸ் போடுவாங்களே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பேங்க்கில் போடும் அந்த இன்சூரன்ஸ் பெரும்பாலும் எம்.ஆர்.டி.ஏ. கடன் வாங்கியவர் இறந்துபோனாலோ நிரந்தரமாக முடங்கிப்போனாலோ மிச்சக் கடனை அது அடைக்கும். கூடவே தீக் காப்புறுதி ஒன்று இருக்கும். வீடு எரிந்தால் அது உதவும். இரண்டுமே வீடு உங்கள் கைக்கு வந்த பிறகு நடக்கும் கதை. வாங்குகிற முயற்சியே பாதியில் நின்றுபோனால்? பேங்க் லோன் கொடுக்கவில்லை, விற்பவர் மனம் மாறிவிட்டார், மாநில அரசின் ஒப்புதல் வரவில்லை, கட்டிக்கொண்டிருந்த மேம்பாட்டாளர் காணாமல் போய்விட்டார். இந்த நான்கில் எது நடந்தாலும் எம்.ஆர்.டி.ஏ. ஒரு காசு தராது.

இது ஏன் நமக்கு முக்கியம் என்று நீட்டிச் சொல்லத் தேவையில்லை. நம்மில் பலருடைய தாத்தா பாட்டி தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்கள். தோட்டம் கைமாறியபோது வேலையோடு சேர்ந்து வீடும் போனது, ஏனென்றால் அந்த வீடு ஒருநாளும் அவர்கள் பெயரில் இருந்ததில்லை. அதனால்தான் சொந்தப் பெயரில் ஒரு வீடு என்றால் வீட்டில் எல்லாரும் கையில் இருப்பதைக் கொண்டுவந்து போடுகிறார்கள். ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கு, அம்மாவின் வளையல், மாமாவிடம் கைமாற்று. இந்தப் பணம் ஒரு முறை போனால் இன்னொரு முறை சேர்வது ரொம்ப கஷ்டம்.

இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு காப்புறுதி உண்டு. வீடு வாங்குவது நின்றுபோனால் செலவைத் திருப்பித் தரும் பாலிசி அது. அங்கே அது ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொண்டால் நம் நிலைமையும் தெளிவாகும். இங்கிலாந்தில் விலை பேசி இரு தரப்பும் ஒத்துக்கொண்டாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு மாற்றிக்கொள்ளும் நாள் வரைக்கும் யாரும் சட்டப்படி கட்டுப்பட்டவர் இல்லை. அந்த இடைவெளி பல வாரங்கள் ஓடும். அதற்குள் வாங்குபவர் வழக்கறிஞருக்கும், வீட்டைச் சோதிக்கும் சர்வேயருக்கும், பேங்க்குக்கும் பணம் கட்டியிருப்பார். அந்த நேரம் பார்த்து வேறொருவர் கூடுதல் விலை சொன்னால் விற்பவர் அந்தப் பக்கம் போய்விடலாம். இதற்கு கஸம்பிங் என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அது போதாதென்று, விற்பவரும் தனக்கு வேறு வீடு வாங்கிக்கொண்டிருப்பார், அவருக்கு விற்பவரும் அப்படியே. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் எல்லாருடைய வீடும் நிற்கும்.

அந்தப் பாலிசி வழக்கறிஞர் கட்டணம், சோதனைக் கட்டணம், கடன் ஏற்பாட்டுக் கட்டணம் ஆகியவற்றை ஓர் உச்சவரம்பு வரைக்கும் தரும். வாங்குபவரே மனம் மாறினால் தராது. பாலிசி எடுக்கும் முன்பே தெரிந்த பிரச்சினைக்கும் தராது. வீட்டை மீட்டுத் தராது. அங்கே முன்பணமும் பொதுவாக ஒப்பந்தம் மாறும் நாளில்தான் கட்டப்படுகிறது. ஆகவே அதற்கு முன் தொலைவதெல்லாம் இந்தச் செலவுகள்தான்.

நம் ஊரில் வரிசையே வேறு. இங்கே முதலில் முன்பணம், பிறகுதான் மற்றதெல்லாம். வீட்டைப் பார்த்த அன்றே 2 அல்லது 3 விழுக்காடு, எஸ்.பி.ஏ. கையெழுத்தாகும்போது மொத்தம் 10 விழுக்காடு. அந்த ஆங்கிலேயப் பாலிசியை அப்படியே இறக்குமதி செய்தாலும் நம்முடைய பெரிய ஆபத்தை அது தொடாது. நம்முடைய பாதுகாப்பு வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது: முன்பணம் யார் கையில் இருக்கிறது, காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது.

பழைய வீட்டிலிருந்து தொடங்குகிறேன். நாம் சப்சேல் என்று சொல்வது. இதில் எஸ்.பி.ஏ. எப்படி இருக்க வேண்டும் என்று சட்டம் ஒரு மாதிரிப் படிவத்தைத் தரவில்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டு எழுதுவதுதான் ஒப்பந்தம். அதனால் முதல் நாள் கையெழுத்திடும் அந்த ஒரு பக்க புக்கிங் பாரம் ரொம்ப முக்கியம்.

கிள்ளானில் என் பெரியப்பா மகன் 400,000 ரிங்கிட் விலையில் ஒரு தரை வீட்டைப் பிடித்தார். பெரியம்மா ராகு காலம் பார்த்து, எமகண்டம் பார்த்து, நல்ல நேரத்தில் 2 விழுக்காடு, அதாவது 8,000 வெள்ளி கொடுக்க வைத்தார். பாரத்தைத்தான் யாரும் படிக்கவில்லை. பேங்க்கில் விண்ணப்பித்தபோது அண்ணனின் பி.டி.பி.டி.என். பாக்கி சி.சி.ஆர்.ஐ.எஸ். அறிக்கையில் நின்றது, லோன் கிடைக்கவில்லை. பாரத்தில் லோன் என்ற சொல்லே இல்லை. "நீங்கதான் வாங்க முடியலன்னு சொல்றீங்க, நான் மாட்டேன்னு சொல்லலையே" என்றார் விற்பவர். காகிதத்தின்படி அவர் சொன்னது சரிதான். நாலு மாதம் அலைந்து பாதிப் பணம் திரும்பி வந்தது.

அந்தப் பாரத்தில் இருந்திருக்க வேண்டியது ஒரே வாக்கியம். இத்தனை நாளுக்குள் வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்காவிட்டால், மறுப்புக் கடிதத்தைக் காட்டியதும் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும் என்று. ஏஜெண்டிடம் கேட்டால் பல பேர் மறுக்காமல் கையால் எழுதிச் சேர்ப்பார்கள், விற்பவரும் பக்கத்தில் கையெழுத்துப் போடலாம். மறுத்தால், அந்த வீட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் பேங்க்கில் தகுதியைச் சோதித்துக்கொண்டு வருவதுதான் வழி. கொஞ்ச நாள் தாமதமாகும், வேறு யாராவது வாங்கிக்கொண்டு போகலாம். போனால் போகட்டும், 8,000 வெள்ளி போகவில்லையே.

லோன் கிடைப்பது என்றால் எவ்வளவு லோன் என்பதும் உண்டு. இதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். முதல் வீட்டுக்கு 90 விழுக்காடு வரை கடன் தருவார்கள் என்று நாம் கணக்குப் போடுகிறோம். பேங்க் பார்ப்பது விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதைத்தான். விலை 400,000, மதிப்பீட்டாளர் சொன்னது 370,000 என்று வைத்துக்கொள்வோம். கடன் 333,000தான். கையிலிருந்து 40,000 போட்டால் போதும் என்று நினைத்தவர் 67,000 போட வேண்டும். பேங்க் "லோன் அப்ரூவ்ட்" என்றுதான் கடிதம் கொடுக்கும், மறுப்புக் கடிதம் கிடைக்காது. ஆகவே அந்த வாக்கியத்தில் "கடன்" என்று மட்டும் இல்லாமல் எவ்வளவு கடன் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது, யார் கையில். விற்பவரின் கையில் நேராகக் கொடுக்காதீர்கள். ஏஜெண்டின் சொந்தக் கணக்கில் போடவே போடாதீர்கள், அவர் கோயிலில் தினமும் பார்க்கிற ஆளாக இருந்தாலும் சரி. பதிவு பெற்ற நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் பணத்துக்கென்று தனிக் கணக்கு இருக்கும், அதில் போட்டு ரசீது வாங்க வேண்டும். வீட்டைக் காட்ட வருபவர் கழுத்தில் ஆர்.இ.என். எண் போட்ட அட்டை இருக்க வேண்டும். இதைக் கேட்க நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். "தெரிஞ்சவரு, எப்படிக் கேக்கறது?" தெரிந்தவர் என்றால் அட்டையைக் காட்டுவதில் அவருக்கு என்ன கஷ்டம்? இன்னும் நல்லது, ஒரு வழக்கறிஞர் நிறுவனம் இரு தரப்புக்கும் பொதுவாகப் பணத்தை வைத்திருப்பது.

எஸ்.பி.ஏ. கையெழுத்தான பிறகு, மீதியைக் கட்ட வழக்கமாக மூன்று மாதம், வட்டியோடு இன்னொரு மாதம். வாங்குபவர் தவறினால் 10 விழுக்காடும் போகும். விற்பவர் தவறினால், கொடுத்ததைத் திருப்பித் தந்து அதே அளவு தொகையை இழப்பீடாகவும் தர வேண்டும், அல்லது நீதிமன்றம் போய் வீட்டையே கேட்கலாம். இது பெரும்பாலான ஒப்பந்தங்களில் உள்ள ஏற்பாடு. உங்கள் ஒப்பந்தத்தில் முதல் பாதி மட்டும் இருந்து இரண்டாவது பாதி இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

யார் தவறும் இல்லாமலும் வாங்குவது நிற்கும். நிலப்பட்டாவில் ஒரு கட்டுப்பாடு இருக்கலாம். குத்தகை நிலமாக இருந்து மாநில அரசின் ஒப்புதல் வேண்டும் என்று பட்டாவில் எழுதியிருந்தால், ஒப்புதல் வரும்வரை மூன்று மாதக் கணக்கு தொடங்கவே கூடாது, மறுக்கப்பட்டால் பணம் முழுசாகத் திரும்ப வேண்டும். மலாய் ஒதுக்கீட்டு நிலம், பூமிபுத்ரா லாட் என்பவை நமக்கு நேராகவே கதவை மூடுபவை. நில அலுவலகத்தில் ஒரு தேடல் செய்தால் பட்டாவில் எழுதியிருப்பது தெரிந்துவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதைச் செய்யலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

இவற்றையெல்லாம் விட எனக்குப் பிடித்த ஒரு ஏற்பாடு கேவியட். தேசிய நிலச் சட்டத்தின் 323வது பிரிவின் கீழ், வாங்குபவர் தன் உரிமையை நில அலுவலகத்தில் குறித்துவைக்கலாம். குறித்த பிறகு விற்பவர் அதே வீட்டை வேறொருவர் பெயருக்கு மாற்றிப் பதிவு செய்ய முடியாது. ஆறு ஆண்டு வரை அது நிற்கும். வீட்டு விலையோடு பார்த்தால் செலவு சொற்பம். நம் நாட்டில் "வாங்குவது நின்றுபோகாமல் இருக்க இன்சூரன்ஸ்" எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். எஸ்.பி.ஏ. கையெழுத்தான உடனே வழக்கறிஞர் இதைப் போட்டாரா என்று கேளுங்கள். போட்டேன் என்றால் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, ஆங்கிலேயப் பாலிசி காக்கிற அந்தச் செலவுகள் இங்கே எவ்வளவு? வழக்கறிஞர் கட்டணம் முதல் 500,000 ரிங்கிட்டுக்கு 1.25 விழுக்காடு. 400,000 வீட்டுக்கு எஸ்.பி.ஏ. கட்டணம் 5,000, 360,000 கடனுக்கு 4,500. கடன் பத்திரத்துக்கு முத்திரை வரி 0.5 விழுக்காடு, விலக்கு இல்லையென்றால் 1,800. மூன்றும் சேர்ந்து 11,300. மதிப்பீட்டுக் கட்டணமும் சில்லறைச் செலவுகளும் தனி. இதைக் காக்க நம்மிடம் பாலிசி இல்லை, ஒரு கேள்வி இருக்கிறது: "பாதியில் நின்றால் உங்கள் கட்டணம் எவ்வளவு?" வேலையைக் கொடுக்கும் முன்பே வழக்கறிஞரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேம்பாட்டாளரிடமிருந்து புது வீடு வாங்கும்போது நிலைமை நமக்குச் சாதகம். தீபகற்ப மலேசியாவில் 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் ஒப்பந்தத்தையே எழுதிக் கொடுத்திருக்கிறது. தரை வீட்டுக்கு அட்டவணை ஜி, அடுக்குமாடிக்கு அட்டவணை எச். மேம்பாட்டாளர் தன் இஷ்டத்துக்கு வரிகளை மாற்ற முடியாது. சபா, சரவாக்கில் தனிச் சட்டங்கள் உள்ளன.

இதில் நமக்குத் தெரியாமலே கிடக்கும் ஒரு பிரிவைச் சொல்கிறேன். எஸ்.பி.ஏ. கையெழுத்திட்டு 10 விழுக்காடு கட்டிய பிறகு, வருமானத் தகுதி போதாமல் லோன் கிடைக்கவில்லை என்றால், அதற்கான ஆதாரத்தைக் காட்டினால் மேம்பாட்டாளர் எடுத்துக்கொள்ளக் கூடியது விலையில் 1 விழுக்காடு மட்டும்தான். 400,000 வீட்டுக்கு 40,000 கட்டியிருந்தால் 4,000 போய் 36,000 திரும்பும். சப்சேலில் நாம் கெஞ்சி எழுதி வாங்க வேண்டிய வாக்கியம் இங்கே அச்சடித்தே வருகிறது! ஆனால் கவனம், பிரிவு சொல்வது வருமானத் தகுதியை. லோன் விண்ணப்பமே செய்யாமல் இருந்தவருக்கு இது உதவாது.

எஸ்.பி.ஏ.க்கு முன் புக்கிங் பணம் வாங்குவதையும் அந்தச் சட்டத்தின் விதிகள் தடுக்கின்றன. ஷோரூமில் அது நடக்கவே செய்கிறது, பெயரை மட்டும் மாற்றுவார்கள். 2021 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. அப்படி புக்கிங் பணம் வாங்கியிருந்தால், தாமத இழப்பீட்டுக்கான நாள் கணக்கு எஸ்.பி.ஏ. தேதியிலிருந்து இல்லை, அந்தப் பணம் கட்டிய தேதியிலிருந்தே தொடங்கும் என்று. ஆகவே புக்கிங் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

தாமத இழப்பீடு ஆண்டுக்கு விலையில் 10 விழுக்காடு, நாள் கணக்கில். 400,000 வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 109 ரிங்கிட் 59 காசு. தரை வீட்டுக்கு வழக்கமாக 24 மாதம், அடுக்குமாடிக்கு 36 மாதம் கெடு. 200 நாள் தாமதமானால் 21,900 ரிங்கிட்டுக்கு மேல் வரும். மேம்பாட்டாளர் தானாகக் கொண்டுவந்து தர மாட்டார், கேட்க வேண்டும். தரவில்லையென்றால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 10 ரிங்கிட், பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். காலக்கெடு உண்டு, வருஷக்கணக்கில் தள்ளிப்போட முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் மேம்பாட்டாளர் உயிரோடு இருக்கும்வரை. அவரே கைவிட்டுப் போய்விட்டால்? நம் நாட்டின் உண்மையான ஓட்டை இங்கேதான் இருக்கிறது. சட்டம் வாய்மூடி இருக்கவில்லை. பிரிவு 8ஏயின்படி, வேலை தொடர்ந்து ஆறு மாதம் நின்றிருப்பதை வீடமைப்புக் கட்டுப்பாட்டாளர் உறுதிப்படுத்தி, கடன் தந்த பேங்க்கும் எழுத்தில் சம்மதித்தால், வாங்குபவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். 30 நாளுக்குள் பணம் முழுவதும் திரும்ப வேண்டும். திட்டத்தைக் கைவிடுவது குற்றம் என்று பிரிவு 18ஏ சொல்கிறது: 250,000 முதல் 500,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

பொறியியலில் ஒரு பாதுகாப்பு வால்வைப் போடும்போது, மின்சாரம் போனாலும் அது வேலை செய்யுமா என்று முதலில் கேட்பார்கள். 8ஏக்கு அந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் சங்கடமானது. பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர், பணம் இல்லாமல் திட்டத்தைக் கைவிட்ட அதே மேம்பாட்டாளர். அவரிடம் சொத்து இல்லையென்றால் ரத்துக் கடிதம் காகிதம்தான். உரிமம் பெறும்போது அவர் வைப்பது மதிப்பிட்ட கட்டுமானச் செலவில் 3 விழுக்காடு. 50 மில்லியன் ரிங்கிட் திட்டத்துக்கு அது ஒன்றரை மில்லியன். பாதிக் கட்டடத்தை முடிக்க அது எந்த மூலைக்கு? இதற்கிடையில் பேங்க் ஏற்கெனவே விடுவித்த பணத்துக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். கடன் ஒப்பந்தம் தனி, வீட்டு ஒப்பந்தம் தனி. வாடகை வீட்டுக்கும் கட்டி, எழும்பாத வீட்டுக்கும் வட்டி கட்டும் குடும்பங்கள் இப்படித்தான் உருவாகின்றன.

காப்புறுதி தேவைப்படும் இடம் என்று நான் நினைப்பது இதைத்தான். பிரிட்டனில் 1936இல் தொடங்கிய என்.எச்.பி.சி. என்ற அமைப்பின் பத்தாண்டுப் பாதுகாப்பில், வீடு முடியும் முன் கட்டுபவர் திவாலானால் முன்பணத்துக்கும் ஒரு வரம்பு வரை காப்பு உண்டு. அங்கே புது வீட்டோடு அது வருவதால், வாங்குபவர் தனியாகத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் நாட்டில் அதற்கு நெருக்கமானது 10:90 முறை. 10 விழுக்காடு மட்டும் கட்டி, மீதியை வீடு முடிந்த பிறகு கட்டுவது. சட்டத்தில் இதற்கு அட்டவணை ஐ, ஜே என்று தனி ஒப்பந்தங்களே இருக்கின்றன. கட்டாயம் இல்லை என்பதால் ஷோரூமில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் 10:90 திட்டம் கிடைத்தால் அந்தக் கூடுதல் விலையைக் காப்புறுதிப் பிரீமியமாக நினைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அப்படிக் கிடைக்காதவர்கள் குறைந்தது வீடமைப்பு அமைச்சின் தளத்தில் மேம்பாட்டாளரின் உரிமமும் விளம்பர அனுமதியும் நடப்பில் உள்ளதா, அவருடைய பழைய திட்டங்கள் தாமதம், சிக்கல், கைவிடப்பட்டது என்ற பட்டியல்களில் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். பத்து நிமிட வேலை. பேனரில் இருக்கும் நீச்சல்குளத்தின் படத்தை அதை விட அதிக நேரம் பார்க்கிறோம்.

கடைசியாக, எவ்வளவு கவனமாக இருந்தும் வாங்குவது நின்றே போய்விட்டது என்றால் செய்ய வேண்டிய சில வேலைகள். "இனி வாங்கவில்லை" என்பதை வாட்சப்பில் இல்லாமல் வழக்கறிஞர் மூலம் எழுத்தில் சொல்லுங்கள், காரணத்தோடும் ஒப்பந்தத்தின் பிரிவு எண்ணோடும். பேங்க்குக்கும் எழுதிக் கடனை ரத்து செய்யுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது பழைய கடன் கணக்கில் நிற்கும். சேமநிதிப் பணம் எடுத்திருந்தால் அவர்களிடமும் உடனே பேசுங்கள். கேவியட் போட்டிருந்தால் அதை எடுக்க வேண்டியதும் நீங்கள்தான். விற்பவர் பணத்தைத் தர வேண்டும், நீங்கள் கேவியட்டை எடுக்க வேண்டும், யார் முதலில் என்ற இழுபறி வரும். எடுக்கும் பாரத்தில் கையெழுத்திட்டு உங்கள் வழக்கறிஞரிடம் கொடுத்துவையுங்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகு அவர் அதை நில அலுவலகத்தில் சேர்த்துவிடுவார்.